கிளினிக்கல் ட்ரையல் எக்செலை எஸ்டிடிஎம் ஆக்க வேணும்: எதை முதல்ல தொடுறது?

வாவிக்கரை:
நீரிழிவு மருந்து ட்ரையல் ஒண்டு. மட்டக்களப்பிலயும் கல்முனையிலயும் சேர்த்த 120 பேர், ஆளுக்கு 4 விசிட். எல்லாம் ஒரே எக்செல் ஷீட், ஆளுக்கொரு வரி, பக்கவாட்டில 200க்கு மேல கொலம். இப்ப வெளிநாட்டுக் கூட்டாளிகள் சிடிஸ்க் எண்ட மருந்து ஆய்வுத் தரவு நியமத்தில வாற எஸ்டிடிஎம் அட்டவணைகளாகத் தரச் சொல்லுறாங்க. சீனி அளவு ஒரு லேபில மில்லிகிராம், மற்றதில மில்லிமோல். பக்கவிளைவு எல்லாம் தமிழில கிடக்கு. ஆர் எண்ட புள்ளிவிபர மென்பொருள் தெரியும், சாஸ் தெரியாது.

புளியந்தீவு:
மூல எக்செலில ஒரு கட்டத்தையும் திருத்தாதீங்க. ரீட்-ஒன்லி ஆக்கி ஒரு பக்கம் வைங்க. திருத்தம் எல்லாம் ஆர் ஸ்கிரிப்டுக்குள்ள நடக்கட்டும், இல்லாட்டி ஆறு மாசத்துக்குப் பிறகு "இந்த 140 எங்கிருந்து வந்தது" எண்டு கேட்டா பதில் இருக்காது.

கோட் எழுதமுதல் மேப்பிங் ஷீட். ஒவ்வொரு கொலமும் எந்த டொமைனுக்கு (தரவுப் பிரிவு), எந்த வேரியபிளுக்கு, எந்த விதியோட போகுது எண்டு எழுதுங்க. வயசு, பால் டிஎம்முக்கு, பிறஷர், நாடி, நிறை விஎஸ்ஸுக்கு, இரத்தச் சோதனை எல்பிக்கு, பக்கவிளைவு ஏஈக்கு, வேற மருந்துகள் சிஎம்முக்கு. எஸ்டிடிஎம் வழிகாட்டியில எந்தப் பதிப்பு எண்டும் இப்பவே கேட்டு வைங்க. 3.4 எண்டா அடிப்படை அளவைக் காட்டுற கொடி லோப்எக்ஸ்எஃப்எல், பழைய பிஎல்எஃப்எல் இல்ல.

பிறகுதான் கிடையாகக் கிடக்கிறதை நிமிர்த்துற வேலை. மேல் பிறஷர், கீழ் பிறஷர், நாடி, நிறை நாலும் விஎஸ்ஸில தனித்தனி வரி. ஆரின்ர டைடிஆர் பொதியில இருக்கிற பிவட்-லோங்கர் கட்டளை போதும். 120 × 4 × 4 = 1,920 வரி வரவேணும். குறைஞ்சா வெற்றுக் கட்டங்களை எங்கயோ விழுத்திட்டீங்க. எடுக்க வேண்டிய அளவை எடுக்கேல்ல எண்டா அந்த வரியை வைச்சு, விஎஸ்ஸ்டாட் எண்ட நிலைக் கொலத்தில "நொட் டன்" போடுங்க. விசிட்டுக்கே ஆள் வராட்டி நாலு வரியும் தேவைதானா எண்டதை மேப்பிங் ஷீட்டிலயே தீர்மானிச்சு எழுதுங்க. 999 எண்டு அடிச்சு வைச்சிருந்தா முதல்ல அதைப் பிடியுங்க, சராசரியையே நாசமாக்கும்.

ஒலுவில் காற்று:
திகதி பற்றி ஒருத்தரும் பேசேல்ல. நம்மட ஆக்கள் 03/04/2024 எண்டு ஏப்ரல் 3ஐ எழுதுவாங்க. கணினி அமெரிக்க அமைப்பில இருந்தா எக்செல் அதை மார்ச் 4 ஆக்கிடும். உள்ளே கிடக்கிற எண் 45385க்குப் பதிலா 45355. அதே கொலத்தில 25/04/2024 எண்டதை அதால மாத்த ஏலாது, எழுத்தாவே நிற்கும். ஒரு கொலத்தில பாதி எண், பாதி எழுத்து எண்டா இதுதான் நோய். 1 முதல் 12 வரையான நாள் எல்லாத்தையும் கடதாசிப் படிவத்தோட ஒப்பிடுங்க, வேற வழி இல்ல.

திகதி ஐஎஸ்ஓ 8601 முறையில, 2024-04-03 எண்டு. மாசம் மட்டும் தெரிஞ்சா 2024-04 எண்டு நிறுத்துங்க, 15 எண்டு நடுவில இட்டு நிரப்பாதீங்க. அந்த ஊகம் பிறகு பகுப்பாய்வுக்குச் செய்யிற ஆடம் கோப்புக்குரியது, அதுவும் கொடியோட. ஆய்வு நாளில பூச்சியம் இல்ல: முதல் டோஸ் அண்டைக்கு 1, அதுக்கு முந்தின நாள் -1. வெறுமனே கழிச்சா முதல் டோஸ் நாளிலயிருந்து எல்லாம் ஒரு நாள் பிசகும்.

சீனி: லேப் தந்தது ஓர்ரெஸ் கொலத்தில அப்படியே, அதன் அலகோட. பொது அலகுக்கு மாத்தினது ஸ்ட்ரெஸ்என் கொலத்தில. மில்லிகிராமை 18ஆல் வகுத்தா மில்லிமோல், 126 எண்டா 7.0. கிரியேட்டினின் மில்லிகிராமை 88.4ஆல் பெருக்கினா மைக்ரோமோல், 18 அதுக்குச் சரிவராது. நோன்பு மாசத்தில எடுத்த இரத்தமா எண்டும் பாருங்க. பின்னேரம் எடுத்திருந்தா அது விடிய வெறும் வயித்தில எடுத்ததோட ஒண்டில்ல. வெறும் வயிறா எண்டு காட்டுற எல்பிஃபாஸ்டும் எடுத்த நேரமும் ரெண்டும் வேணும்.

வாவிக்கரை:
திகதிக் கொலத்தைப் பார்த்தன், நீங்க சொன்ன நோயேதான். இன்னும் மூண்டு: தமிழ்க் கொலம் பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சது. ஆள் இலக்கமா அடையாள அட்டை இலக்கம் கிடக்கு. தமிழ், முஸ்லிம், சிங்களம் எண்ட கொலத்தை டிஎம்மில இருக்கிற எத்னிக் எண்ட வேரியபிளில போடலாமா?

கல்லடி:
எத்னிக்கில போடாதீங்க. அது ஹிஸ்பானிக்கா இல்லையா எண்டு கேக்கிற அமெரிக்கப் பட்டியல். ரேஸ் ஆசியன், நாடு எல்கேஏ (இலங்கையின்ர குறியீடு), சமூகம் டிஎம்மின்ர துணைக் கோப்பான சப்டிஎம்மில.

அடையாள அட்டை இலக்கம் உடனே வெளிய போகவேணும். அதுக்குள்ள பிறந்த வருசமும் நாளும் கிடக்கு, பெண்ணெண்டா நாளோட 500 கூட்டியிருக்கும். இலக்கத்தைப் பார்த்தாலே ஆளைப் பிடிக்கலாம். புது இலக்கம் குடுத்து, இணைப்புப் பட்டியலைப் பிரதான ஆய்வாளர் மட்டும் வைச்சிருக்கட்டும்.

பாமினிதான் பொல்லாதது. கடைசியா அனுப்புற எக்ஸ்பிடி கோப்பில ஆஸ்கி எழுத்துத்தான் (வெறும் ஆங்கில எழுத்தும் குறியும்) போடவேணும், யூனிகோட் தமிழ் இருந்தா சோதனையில அம்பிடும். ஆனா பாமினி உள்ளுக்குள்ள ஆங்கில எழுத்துத்தானே, சத்தமில்லாமப் பாஸ் ஆகி, பக்கவிளைவின்ர பேர் போற ஏஈடேர்மில குப்பையாப் போய் இருக்கும். முதல்ல யூனிகோட் ஆக்குங்க, பிறகு மொழிபெயர்ப்பு, அதுக்குப் பிறகு மெட்ட்ரா எண்ட மருத்துவச் சொல் அகராதிப்படி கோடிங்.

மொழிபெயர்க்கிறவர் நம்மட பேச்சுத் தெரிஞ்சவரா இருக்கவேணும். "விறைப்பு" எண்டா இங்க உணர்ச்சியில்லாமப் போறது, நரம்புப் பிரிவு. "ஸ்டிஃப்னஸ்" எண்டு எழுதினா தசை எலும்புப் பிரிவுக்குப் போயிடும். "தலைச்சுத்து"க்கு டிஸ்ஸினஸ் எண்டா நரம்பு, வேர்டைகோ எண்டா காது. நோயாளி எதைச் சொன்னார் எண்டு கிளினிக் பதிவைப் பார்த்துத்தான் முடிவெடுக்க ஏலும்.

புளியந்தீவு:
ஆரில எஸ்டிடிஎம்-ஓக் பொதி மேப்பிங்குக்கு, எக்ஸ்போர்ட்டர் பொதி எக்ஸ்பிடி எழுத. சாஸ் தேவையில்ல. வேரியபிள் பேர் 8 எழுத்து, லேபல் 40, ஒரு மதிப்பு 200 பைட். நீண்ட குறிப்புகள் 200இல வெட்டுப்படாமப் பிரிச்சு வைங்க. கோப்பைச் சோதிக்கிற பினக்கிள் 21 மென்பொருளின்ர இலவசப் பதிப்பில ஓட்டிப் பாருங்க. எச்சரிக்கை எல்லாத்தையும் பூச்சியமாக்க வேண்டியதில்ல. தரவு உண்மையிலயே அப்படித்தான் எண்டா, விளக்கத்தைக் கோப்போட குடுக்கிற ரிவியூவர் கைட்டில எழுதினாச் சரி. ஆனா கோப்பு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏக்குப் போகுது எண்டா டிஎஸ், டிஎம், தரவுகளை விவரிக்கிற டிஃபைன் எக்ஸ்எம்எல் மூண்டும் சரியா இல்லாட்டி வாசலிலயே திருப்பி அனுப்பும். நான் சொல்லுற டிஎஸ் ஆய்வின் சுருக்க டொமைன், ஆள் ஆய்வை முடிச்சாரா விலகினாரா எண்டு சொல்லுற டிஸ்பொசிஷன் இல்ல. தமிழில எழுதினா ரெண்டும் ஒண்டாத்தான் தெரியும், மாத்தி விளங்கிடாதீங்க.