பழைய மருத்துவக் காப்பீட்டு பாலிசிக்கும் 36 மாதக் காத்திருப்பு விதி பொருந்துமா?

உறுப்பினர்களுக்கு வணக்கம். 67 வயதான என் அம்மாவுக்கு, சர்க்கரை நோய் இருப்பதை மறைக்காமல் தெரிவித்து, 2022 மார்ச்சில் ஒரு தனியார் நிறுவனத்தில் மருத்துவக் காப்பீடு எடுத்து, ஆண்டுதோறும் விடாமல் புதுப்பித்து வருகிறேன். 2025 நவம்பரில் காலில் ஆறாத புண்ணுக்காக அவரை மருத்துவமனையில் சேர்த்தபோது, ஏற்கெனவே இருந்த நோய்க்கான 48 மாதக் காத்திருப்புக் காலம் (அந்த நோய்க்குக் காப்பீடு கிடைக்காத தொடக்கக் காலம்) முடியவில்லை என்று கூறிக் காப்பீட்டுத் தொகையை மறுத்துவிட்டார்கள். முழுச் செலவையும் நாங்களே கட்டினோம்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., 2024 ஏப்ரல் முதல் இந்தக் காத்திருப்பின் உச்சவரம்பை 36 மாதமாகக் குறைத்திருக்கிறது. 2025 மார்ச்சில் புதுப்பித்த எங்கள் பாலிசிக்கு அது பொருந்தும் என்பது என் வாதம்.

நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதிவிட்டேன். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியான காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனை அணுக எண்ணுகிறேன். இத்தகைய மறுப்பை எதிர்த்து வென்றவர்கள், எந்த ஆவணங்களை இணைத்தீர்கள் என்று தெரிவித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.