மேஜர் சரவணன்: எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி – திருச்சி அம்மா:
வேலைக்குப் போகிற வழியில் கண்டோன்மென்ட்டில் மேஜர் சரவணன் நினைவிடத்தைத் தினமும் பேருந்திலிருந்து பார்க்கிறேன். ஜூலை 26 கார்கில் தினத்துக்கு மகள் பள்ளியில் மூன்று நிமிடம் பேச வேண்டும். தேடினால் வீரம், தியாகம், பாரதத் தாய் என்று அடுக்குமொழிதான் வருகிறது. "அன்னைக்கு ராத்திரி என்னதான் நடந்துச்சு?" என்று கேட்கிறாள். எனக்குத் தெரிந்தது, ராமேஸ்வரத்தில் பிறந்தவர், இறந்தது 1999இல், அவ்வளவுதான். தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பதில் – ஓய்வுபெற்ற ஹவில்தார்:
அம்மா, நான் வேறு யூனிட். ஆனால் மலையில் டூட்டி பார்த்தவன். அவர் முதலாம் பீகார் பட்டாலியன். மே 28 இரவு தொடங்கி 29 விடியும் வரை, கார்கில் பக்கம் படாலிக் பகுதியில் ஜுபர் என்ற முகட்டின் மேல் தாக்குதல். 14,000 அடிக்கு மேல். அந்த உயரத்தில் சும்மா இருபது எட்டு வைத்தாலே நெஞ்சு அடைக்கும், இவர்கள் ஆயுதத்தோடு ஏறினார்கள். எதிரி மேலே, கல்லை அடுக்கிக் கட்டிய மறைவுக்குள் (சங்கர் என்போம்) உட்கார்ந்து கீழே பார்க்கிறான். ஏறுகிறவனுக்கு ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. அவர் ராக்கெட் லாஞ்சரால் அடித்ததில் எதிரிகள் இருவர் விழுந்தார்கள். வயிற்றில் குண்டுச் சிதறல் பாய்ந்தும் திரும்பவில்லை. கடைசியில் தலையில் குண்டு.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அதே தாக்குதலில் நாயக் கணேஷ் பிரசாத் யாதவும் இறந்துபோனார், மேஜருக்குக் கொடுத்த வீர் சக்ரா விருது அவருக்கும் உண்டு. ஆபீசர் பேரோடு அவர் பேரையும் பாப்பா சொல்லட்டும். சிப்பாய்கள் பெயர் மேடையில் வருவது குறைவு, அந்த ஆதங்கம் எனக்கு எப்போதும் உண்டு.

பதில் – பாலக்கரை:
உடல் திருச்சிக்கு வந்தது ஜூலையில். முகடு எதிரி கையில் இருந்ததால் ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே கிடந்தது. இறுதி ஊர்வலத்தன்று எங்கள் அப்பா கடையைப் பூட்டிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கூட்டத்தில் எனக்குத் தெரிந்தது கொடி போர்த்திய பெட்டியின் ஓரம் மட்டும். அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். அவருக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியவே தெரியாது.

பதில் – குறுக்கே ஒரு வார்த்தை:
சில இடங்களில் பரம் வீர் சக்ரா என்று எழுதிவிடுகிறார்கள், பாப்பா அதைப் பார்த்து எழுதிவிடப் போகிறாள். அவருக்குக் கொடுத்தது வீர் சக்ரா. பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா இரண்டுக்கும் அடுத்தது. 1972 ஆகஸ்ட் 10இல் பிறந்தவர், 27 நிறைய இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது.

திருச்சி அம்மா:
எல்லோருக்கும் நன்றி. ஹவில்தார் ஐயா, எழுதி வைத்திருந்ததில் "எதிரிகளைப் பந்தாடினார்" என்ற வரியை அவளே அடித்துவிட்டாள். பதிலுக்கு, ஒதுங்க மரம்கூட இல்லாத சரிவு என்று எழுதியிருக்கிறாள். கணேஷ் பிரசாத் யாதவ் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள், "நாயக்னா என்ன ரேங்க்?" என்றும் கேட்டாள். லான்ஸ் நாயக்குக்கு மேலே, ஹவில்தாருக்குக் கீழே என்று சொன்னேன், சரிதானே?