புற்றுநோய் நோயெதிர்ப்பியலில் ஓர் ஆய்வாளரின் மேற்கோள் எண்ணிக்கையை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி: ஆய்வு மாணவி

வணக்கம். புற்றுநோய் நோயெதிர்ப்பியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கவிருக்கிறேன். வழிகாட்டியாக இருவரை மனத்தில் வைத்திருக்கிறேன். முதலாமவரின் எச்-இன்டெக்ஸ் (ஒருவரின் கட்டுரைகளைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டின என்பதைக் கொண்டு கணக்கிடும் எண்), கூகுள் ஸ்காலர் கணக்குப்படி, இரண்டாமவருடையதைப் போல இரு மடங்கு. ஆனால் அவருடைய கட்டுரைகளில் அதிக மேற்கோள் பெற்றவை பெரும்பாலும் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய மருந்துச் சோதனைகளின் அறிக்கைகளும், பிறர் ஆய்வுகளைத் தொகுத்துரைக்கும் மீளாய்வுக் கட்டுரைகளும்தான். இரண்டாமவர் குறைவாகவே எழுதியிருக்கிறார். ஆயினும் நோயெதிர்ப்புச் செல்களான டி செல்கள் புற்றுக்கட்டிக்குள் ஏன் செயலிழக்கின்றன என்ற ஒரே கேள்வியைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார். இந்த எண்களை நான் எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில் 1: செல்லியல் ஆசிரியர்

உங்கள் துறையின் வரலாறே இதற்கு நல்ல சான்று. 2018இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற தசுகு ஹோன்ஜோவின் கியோட்டோ ஆய்வகம், பிடி-1 மரபணுவைப் பற்றிய முதல் கட்டுரையை 1992இல் ‘எம்போ ஜர்னல்’ இதழில் வெளியிட்டது. செல்கள் தாமாகவே மடியும் நிகழ்வில் பங்குபெறும் மரபணுக்களைத் தேடியபோது கிடைத்த அந்த மூலக்கூறின் உண்மையான பணி அப்போது யாருக்கும் தெரியாது. அம்மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் வருவதை 1999இல் கண்ட பிறகே, அது நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் மூலக்கூறு என்பது தெளிவாயிற்று. 1992ஐ அடுத்த சில ஆண்டுகளின் மேற்கோள்களை மட்டும் வைத்து அக்கட்டுரையை எடைபோட்டிருந்தால், பின்னாளில் அது புற்றுநோய்ச் சிகிச்சைக்கு அடித்தளமாகப் போகிறது என்பதை ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது.

அவருடன் பரிசைப் பகிர்ந்த ஜேம்ஸ் அலிசனின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. டி செல்களுக்குத் தடைபோடும் சிடிஎல்ஏ-4 என்ற மூலக்கூறைத் தடுத்தால் எலிகளின் உடல் கட்டிகளை எதிர்க்கிறது என்று காட்டிய 1996ஆம் ஆண்டின் ‘சயன்ஸ்’ கட்டுரைக்கு ஆசிரியர்கள் மூவர் மட்டுமே. அந்தக் கருத்திலிருந்து பிறந்த இபிலிமுமாப் மருந்து முற்றிய மெலனோமா (ஒருவகைத் தோல் புற்றுநோய்) நோயாளிகளின் ஆயுளை நீட்டுகிறது என்பதை 676 பேரிடம் நடத்திய சோதனையின் வழியே நிறுவிய 2010ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவர்களோ ஏறத்தாழ முப்பது பேர். அவர்களில் அலிசன் இல்லை. அதாவது, அவருடைய கருத்து மனிதரிடம் பலித்ததை அறிவித்த கட்டுரைக்குக் குவிந்த மேற்கோள்களில் ஒன்றுகூட அவர் கணக்கில் சேரவில்லை. எச்-இன்டெக்ஸ் 20 என்றால், குறைந்தது 20 மேற்கோள்களைப் பெற்ற கட்டுரைகள் ஒருவருக்கு 20 உள்ளன என்பது மட்டுமே பொருள். மூன்றே கட்டுரைகளை எழுதி ஒரு துறையை மாற்றியவருக்கும் அது மூன்றைத் தாண்டாது.

ஆகவே எண்ணை ஒதுக்கிவிட்டு, இரண்டாமவரின் முக்கியக் கட்டுரைகள் இரண்டை எடுத்து, அவற்றை மேற்கோள் காட்டியவர்கள் எதற்காகக் காட்டினார்கள் என்று படியுங்கள். முன்னுரையில் பத்தோடு பதினொன்றாகக் குறிப்பிடப்படுவதும், ஒருவரின் சோதனைமுறையை இன்னோர் ஆய்வகம் எடுத்துப் பயன்படுத்துவதும் எண்ணிக்கையில் ஒன்றுதான், அறிவியலில் ஒன்றல்ல.

பதில் 2: நூலகர்

ஒரு சிறு சேர்க்கை. கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகள், இதழில் வெளிவருமுன் இணையத்தில் இடப்படும் முன்வரைவுகள் ஆகியவற்றிலிருந்து வரும் மேற்கோள்களையும் எண்ணுவதால், அதன் எண்கள் பொதுவாக ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் ஆகியவற்றின் எண்களைவிட அதிகமாக இருக்கும். இருவரையும் ஒரே தரவுத்தளத்தில்தான் ஒப்பிட வேண்டும். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஐசைட் என்ற இலவசக் கருவி, ஒரு கட்டுரையின் மேற்கோள்களை அதே துறையில் அதே காலத்தில் வந்த கட்டுரைகளோடு ஒப்பிட்டு மதிப்பிடுவதால், மூத்தவரையும் இளையவரையும் ஓரளவு நியாயமாக எடைபோட உதவும். அதில் மீளாய்வுக் கட்டுரைகளை நீக்கிவிட்டும் பார்க்கலாம்.

பதில் 3: புற்றுநோய் மருத்துவர்

முதல் பதிலின் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் மருந்துச் சோதனை அறிக்கைகள் என்பதாலேயே முதலாமவரை எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். இபிலிமுமாப் பெற்ற சிலருக்குக் கட்டி முதலில் பெரிதாகி, பிறகே சுருங்கியது. வேதிமருந்துகளுக்கென வகுத்த பழைய அளவுகோலின்படி அவர்களுக்குச் சிகிச்சை தோல்வி என்றே பதிவாகியிருக்கும். இதை நோயாளிகளிடம் கவனித்து, நோயெதிர்ப்பு மருந்துகளுக்கெனப் புதிய மதிப்பீட்டு விதிகளை 2009இல் முன்வைத்தவர்களில் மருத்துவர்கள் முக்கியப் பங்கு வகித்தனர். அதுவும் முதல்தர அறிவியல்தான்.

எனவே, முதலாமவர் அந்தச் சோதனைகளை வடிவமைத்தாரா, இரத்த மாதிரிகளையும் திசு மாதிரிகளையும் தம் ஆய்வகத்தில் ஆராய்ந்தாரா, அல்லது நோயாளிகளைச் சேர்த்துக்கொடுத்த பலரில் ஒருவரா என்று பாருங்கள். பல இதழ்களில் கட்டுரையின் இறுதியில் ஒவ்வோர் ஆசிரியரின் பங்கும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கும். பெயர் வரிசையைக் கொண்டு மட்டும் பங்கை அளக்க முடியாது. 2000ஆம் ஆண்டில் ஹோன்ஜோவுடன் இணைந்து, பிடி-1உடன் பிணையும் மூலக்கூறான பிடி-எல்1 பற்றிய கட்டுரையை எழுதிய கார்டன் ஃப்ரீமேன், கிளைவ் வுட் ஆகிய இருவரையும் தொடர்புடைய காப்புரிமைகளில் இணைக் கண்டுபிடிப்பாளர்களாகச் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்க நீதிமன்றம் 2019இல்தான் தீர்ப்பளித்தது.

மாணவராகச் சேரும் உங்களுக்கு இன்னொன்றும் முக்கியம்: இருவரின் ஆய்வகங்களிலிருந்தும் கடந்த சில ஆண்டுகளில் வந்த கட்டுரைகளில் முதலாசிரியர்களாக இருந்தவர்கள் மாணவர்களா, அவர்கள் இப்போது எங்கே பணியாற்றுகிறார்கள் என்று தேடிப் பாருங்கள். முடிந்தால் அவர்களில் ஓரிருவருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். பெரும்பாலோர் தயங்காமல் பதில் சொல்வார்கள்.

ஆய்வு மாணவி

மூவருக்கும் மிக்க நன்றி. முதலாமவரின் சோதனை அறிக்கைகளில் ஆசிரியர் பங்கு பற்றிய குறிப்பை இப்போதுதான் படித்தேன். இரண்டில் அவர் திசு ஆய்வுப் பகுதிக்குப் பொறுப்பேற்றிருக்கிறார்; மற்றவற்றில் நோயாளிகளைச் சேர்த்ததோடு சரி. அந்த இரண்டையும் இரண்டாமவரின் கட்டுரைகளோடு சேர்த்துப் படித்துவிட்டு, மாணவர்களுக்கு எழுதப்போகிறேன்.