ஜிபே வந்த பிறகு சப்ளையருக்கு டிப்ஸ் எப்படிக் கொடுக்கிறீர்கள்?

மந்தைவெளிக்காரன்:

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. காலைச் சாப்பாடு வருடக்கணக்காக ஓட்டலில்தான். ஒரே ஓட்டல், முடிந்தவரை ஒரே மேஜை. ஃபேனுக்கு நேர் கீழே இல்லாத மேஜை, ஏனென்றால் காபி ஆறிவிடும். இரண்டு இட்லி, ஒரு வடை, சர்க்கரை கம்மியாக ஒரு காபி. நான் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் இட்லி வந்துவிடும். என்ன வேண்டும் என்று சப்ளையர் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. வடையைச் சாம்பாரில் போடாமல் தனியாக வைப்பார். இதை நான் ஒரே ஒரு முறை சொல்லியிருப்பேன், அதுவும் எப்போதோ.

முன்பெல்லாம் எழுந்திருக்கும்போது டபராவுக்கு அடியில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வைப்பேன். பஸ்ஸிலும் மளிகைக் கடையிலும் அந்த நாணயம் செல்லாது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில்கூட அவர் வாங்கிக்கொண்டார். இப்போது நான் பர்ஸே எடுத்துப் போவதில்லை. கல்லாவில் ஸ்கேன் செய்கிறேன், அந்தப் பெட்டி எவ்வளவு வந்தது என்று ஊருக்கே கேட்கும்படி சொல்கிறது, வந்துவிடுகிறேன். வண்டியை ஸ்டார்ட் செய்யும்போதுதான் நினைவு வரும்.

சரி, அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். 115 ரூபாய் பில்லுக்கு 135 போட்டு, "இருபது சப்ளையருக்கு" என்று கல்லாவில் சொன்னேன். கல்லாக்காரர் தலையாட்டினார். இரண்டு வாரம் இப்படியே போனது. ஒரு நாள் சப்ளையரிடமே, "வருதுல்ல?" என்று கேட்டேன். "என்னது சார்?" என்றார்.

ஊரார் கணக்கையெல்லாம் பார்க்கிறவன், என் இருபது ரூபாய்கள் எங்கே போயின என்று தெரியாமல் நிற்கிறேன். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? என் மச்சான், "அவருக்கு முதலாளி சம்பளம் தருகிறார், உனக்கென்ன?" என்கிறான். அதற்கும் பதில் சொல்லுங்கள்.

—

டெக்சாஸ்வாசி:

உங்கள் மச்சானை இங்கே அனுப்பி வையுங்கள். அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான். 1991லிருந்து அது ஒரு சென்ட்கூட ஏறவில்லை. டெக்சாஸிலும் அதே தொகைதான். டிப்ஸையும் சேர்த்து 7.25 டாலர் வராவிட்டால் மீதியை முதலாளி போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆக, நாம் வைக்கும் 18, 20 சதவீதம் அன்பளிப்பு இல்லை, சம்பளத்தில் நம் பங்கு. கலிபோர்னியா மாதிரி சில மாநிலங்களில் டிப்ஸைக் கூலியில் கழிக்கக் கூடாது. அங்கேயும் அதே சதவீதத்தைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்பது வேறு கதை.

நல்ல சர்வீஸ் என்றால் என்ன என்பதும் இங்கே வேறு. என் அம்மா வந்திருந்தபோது ஓட்டலில் வாயில் ரொட்டியை வைத்த நேரம் பார்த்துப் பரிமாறுகிற பெண் வந்து, "எல்லாம் நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டாள். அம்மாவால் மெல்லவும் முடியவில்லை, பதில் சொல்லவும் முடியவில்லை. அப்புறம் நாங்கள் கேட்காமலே பில்லைக் கொண்டுவந்து வைத்தாள். "எழுந்து போங்கன்னு சொல்றாளாடா?" என்றார் அம்மா. இங்கே அது மரியாதை, உங்களைக் காக்க வைக்கவில்லை என்று அர்த்தம். நம் ஊரில் "வேற என்ன சார்?" என்பதை எந்தத் தொனியில் கேட்கிறார்கள் என்பதை வைத்தே எழுந்திருக்கச் சொல்கிறார்களா என்று தெரிந்துவிடும்.

—

பில்லைப் படிப்பவள்:

யாராவது சர்வீஸ் சார்ஜ் பற்றிக் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். இட்லிக் கடையில் அது இருக்காது, சில பெரிய ரெஸ்டாரன்ட்களில் பில்லோடு 10 சதவீதம் போலச் சேர்க்கிறார்கள். ஜிஎஸ்டிக்கு முன் சர்வீஸ் டாக்ஸ் என்று ஒரு வரி இருந்தது. அது சர்வருக்குப் போகிறது என்று நினைத்து டிப்ஸ் வைக்காமல் வந்தவர்களை எனக்குத் தெரியும், அதில் என் அப்பாவும் ஒருவர். அது அரசாங்கத்துக்குப் போன வரி. சர்வீஸ் சார்ஜ் ஓட்டல் தன் பாட்டுக்குப் போடுவது.

பில்லில் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் அந்த மாதமே தடை வாங்கின. 2025 மார்ச் 28 அன்று அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, சங்கங்களுக்குத் தலா ஒரு லட்சம் செலவுத்தொகையும் விதித்தது நீதிமன்றம். எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். அடம்பிடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடலாம். எடுக்கச் சொல்லிவிட்டு அந்தப் பணத்தில் பாதியையாவது சர்வர் கையில் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

—

சாம்பார் வாளி:

பதினோரு வருடம் சப்ளையராக இருந்தவன். இப்போது கோவையில் சின்ன மெஸ், எட்டு மேஜை. இரண்டு பக்கமும் பார்த்தாச்சு.

அண்ணே, கல்லாவில் சொன்னால் போய்ச் சேராது. கல்லாக்காரர் எடுத்துக்கொண்டார் என்று சொல்லவில்லை. ராத்திரி பில் தொகையும் பேங்குக்கு வந்த தொகையும் ஒத்துப்போக வேண்டும். கூடுதலாக வந்த இருபதை அப்போதே கல்லாவிலிருந்து நோட்டாக எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. காலை எட்டரை மணிக் கூட்டத்தில் யார் எடுப்பார்கள்? மொத்தத்தோடு மொத்தமாகப் போய்விடும். சப்ளையர் போனுக்கே அனுப்பலாமே என்பீர்கள். நான் இருந்த ஓட்டலில் ஹாலுக்குள் போன் கொண்டுவரக் கூடாது, சட்டையை மாற்றும்போதே பூட்டிவிட வேண்டும். நம்பர் கேட்டு வாடிக்கையாளர் நின்றால் சூப்பர்வைசர் முறைப்பார்.

எங்களுக்கு டிப்ஸ் டப்பா இருந்தது. ராத்திரி கொட்டி எண்ணுவோம். சப்ளையருக்கு ஒரு பங்கு, மேஜை துடைக்கிற பையனுக்கு அரைப் பங்கு. தோசை மாஸ்டருக்குக் கிடையாது. அந்தக் கோபத்தை அவர் எங்கள் மேல்தான் காட்டுவார். அவசரமாக ஒரு ரோஸ்ட் வேண்டுமென்றால் முதல் நாளே வெற்றிலை பாக்கு வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும். டப்பா இல்லாத ஓட்டலில் மேஜைதான் கணக்கு. ஏசி ஹால், ஜன்னல் ஓரம் எல்லாம் பழைய ஆட்களுக்கு, கை கழுவுகிற பக்கம் புதிதாக வந்தவனுக்கு. சில இடங்களில் வாராவாரம் மாற்றிவிடுவார்கள்.

மச்சானுக்கு ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மேஜையில் ஒரு குடும்பம் சாப்பிட்டுவிட்டு, கூட்டத்தில் பில் கொடுக்காமல் போய்விட்டது. 640 ரூபாய். என் சம்பளத்தில் பிடித்தார்கள். உங்கள் பத்து ரூபாய் நாணயம் 64 சேர்ந்தால்தான் அது அடையும்.

நல்ல சர்வீஸ் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் தஞ்சாவூர் பக்கத்துப் பெரியவர். முதலில் தண்ணீரை வை, தண்ணீர் வந்துவிட்டால் மனுஷன் பத்து நிமிடம் பொறுப்பான் என்பார். சாம்பார் வாளியோடு போகும்போது இலையைப் பார், முகத்தைப் பார்க்காதே என்பார். முகத்தைப் பார்த்தால் கூச்சப்பட்டுக்கொண்டு போதும் என்று சொல்லிவிடுவார்களாம். இன்றைக்கும் என் மெஸ்ஸில் ஒடிசாப் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். தமிழ் அப்புறம் தானாக வந்துவிடுகிறது, முதல் வார்த்தை 'கெட்டிச் சட்னி'.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ல் சட்டத்திருத்தம் வந்தது. நான் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் இரண்டு ஸ்டூல் போட்டிருக்கிறேன். நான் கல்லாவில் இருக்கும்வரை ஒருத்தனும் உட்கார மாட்டேன் என்கிறான்.

டிப்ஸை நோட்டாக, கையில் கொடுங்கள். அவ்வளவுதான்.

—

ஃபில்டர் காபி:

காபி சூடாக வந்தால் இருபது. ஆடை மிதந்தால் ஒன்றும் கிடையாது. என் சட்டம் இவ்வளவுதான்.

—

மந்தைவெளிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. வாளி அண்ணன் சொன்னபடி நோட்டுக்கு அலைந்தேன். ஏடிஎம்மில் ஐநூறுதான் வருகிறது. கடைசியில் தெருமுனைப் பூக்காரம்மாவிடம் ஐநூறைக் கொடுத்து இருபது, பத்தாக மாற்றிக்கொண்டேன். அதற்கு இரண்டு முழம் மல்லிகை வாங்க வேண்டியதாயிற்று. வீட்டில் நான் தனியாள், பூவைச் சாமி படத்துக்குப் போட்டேன்.

இன்று காலை வழக்கமான மேஜை. கிளம்பும்போது, கை கழுவுகிற பக்கம் நின்றுகொண்டிருந்த நம் ஆளைத் தேடிப் போய் இருபது ரூபாயை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அந்த டேபிள் இந்த வாரம் என்னுது இல்ல சார், இந்தப் பக்கம் மாத்திட்டாங்க. உங்களுக்கு இட்லி வெச்சது அந்தப் பையன்தானே, அவன்கிட்ட குடுங்க."

புதுப் பையன் எனக்கு வடையைச் சாம்பாரில் முக்கித்தான் கொண்டுவந்திருந்தான். கொடுத்துவிட்டு வந்தேன். நாளைக்குக் கை கழுவுகிற பக்கம் உட்காரப் போகிறேன்.