புதுப்பிப்பு: கொரிய நூடில்ஸ் குழையாமல் வந்துவிட்டது

கொரிய முறையில் கிளறும் நூடில்ஸ் குழைந்து களியாகிறது, மிளகாய்ச் சாந்தும் ஒட்டுவதில்லை என்று மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து சென்ற மாதம் நான் கேட்டதற்கு விடையளித்த அனைவருக்கும் நன்றி.

பொதியில் குறித்த 5 நிமிடத்துக்கு ஒரு நிமிடம் முன்னரே இறக்கி, அவித்த நீரில் ஏறத்தாழ 8 மேசைக்கரண்டியை மட்டும் நிறுத்திக்கொண்டு, சாந்தைச் சேர்த்துக் கடுந்தீயில் அரை நிமிடம் கிளறும்படி அக்கரைப்பற்று அன்பர் எழுதிய வழியே பலித்தது. அந்நீரில் கரைந்துள்ள மாப்பொருள்தான் சாந்தைப் பிடித்துவைக்கிறது. குளிர்நீரில் அலசும் யோசனை அந்த மாப்பொருளையே கழுவிவிடுவதால் இதற்குப் பொருந்தவில்லை (ஆறவைத்து உண்ணும் வகைக்கு அது நன்று).

நான் எதிர்பாராதது உப்பு: கொச்சுஜாங் எனும் கொரிய மிளகாய்ச் சாந்திலும் சோயா சோஸிலும் ஏற்கெனவே உப்பு இருக்க, வாவி இறாலையும் உப்பிட்டு வதக்கியதால் முதற்சட்டி வீணாயிற்று. காரத்துக்குத் தண்ணீர் உதவவில்லை, எருமைத் தயிரே நாக்கை ஆற்றியது.