டெரகோட்டா தரைக்குப் பொருந்தும் சுவர் நிறம் எது? வெள்ளிக்கிழமைக்கு முன் உதவி தேவை

மழைத்துளி:
வணக்கம். எங்கள் மண்டபத்தில் டெரகோட்டா டைல், அதாவது சுட்ட களிமண் தரை ஓடு, பதித்திருக்கிறோம். அதற்குப் பொருந்தும் என்று சுவருக்குக் கிறீம் நிறம் பூசினோம். ஆனால் பின்னேரமானால் சுவர் அவித்த இறாலின் நிறத்துக்கு மாறிவிடுகிறது. பழைய சோனகத் தெருக் கடைக்காரர், தான் நிறத்தை மாற்றித் தரவில்லை என்று சத்தியம் செய்கிறார். வெள்ளிக்கிழமை பெயின்ற்காரர் இரண்டாம் பூச்சுக்கு வருகிறார். அதற்குள் எந்த நிறம் வாங்குவது என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

ஆமை:
யன்னல் எந்தத் திசையில் இருக்கிறது? பின்னேரம் என்றால் வெயில் நேரத்திலா, விளக்குப் போட்ட பிறகா? டைல் மினுங்குகிறதா, மங்கலாக இருக்கிறதா? இவை தெரியாமல் நிறம் சொல்வது, நாடி பிடிக்காமல் மருந்து எழுதுவதைப் போன்றது.

நீலக்கதவு:
திசையெல்லாம் தேவையில்லை. நிறச் சக்கரத்தில் செம்மஞ்சளுக்கு நேர் எதிரே இருப்பது நீலம். களிமண்ணிலுள்ள இரும்பு சூளையில் சுடப்படும்போதுதான் ஓட்டுக்கு அந்தச் செம்மஞ்சள் நிறம் வருகிறது. ஆகவே சாம்பல் கலந்த மங்கிய நீலத்தைப் பூசினால் இரண்டும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும். என் வீட்டில் கதவு, யன்னல் சட்டம், குசினி அலுமாரி எல்லாவற்றுக்கும் அதையே பூசியிருக்கிறேன்.

விளக்குத்திரி:
சந்தேகமே இல்லை, குற்றவாளி மின்குமிழ்தான். மஞ்சள் ஒளி தரும் 2700 கெல்வின் குமிழ் எந்தக் கிறீமையும் மஞ்சளாக்கிவிடும். அதைவிட வெண்மையான ஒளி தரும் 4000 கெல்வின் குமிழ் போட்டுப் பாருங்கள்; பெயின்ற் செலவு மிச்சம்.

பழைய பாஸ்:
இந்தக் கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை விடையளித்துவிட்டேன். தேடிப் படிக்கும் பொறுமை இப்போது யாருக்கும் இல்லைப் போலும். முதலில், உங்களிடம் இருப்பது உண்மையான டெரகோட்டாவா என்பதே சந்தேகம். இக்காலத்தில் செம்மஞ்சள் நிறப் பீங்கான் டைலையும் அந்தப் பெயரிலேயே விற்கிறார்கள். ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். சுட்ட களிமண் ஓடு அதைக் குடித்துக் கறுக்கும். பீங்கானில் அது முத்தாக நிற்கும்.

வைக்கால் மகன்:
பாஸ் ஐயா, மன்னிக்க வேண்டும். சீலர், அதாவது நீர் உறிஞ்சாமல் காக்கும் பூச்சு, பூசிய களிமண் ஓட்டிலும் தண்ணீர் முத்தாகத்தான் நிற்கும். உடைந்த ஓரத்தில் உள்ளே வரை ஒரே நிறம் இருக்கிறதா என்று பார்ப்பதே நம்பகமானது. என் தகப்பனார் ஓட்டுச் சூளையில் வேலை செய்தவர்.

பழைய பாஸ்:
கீழ்மாடியில் ஓட்டுக்குச் சீலர் பூசுபவன் மேசனே அல்ல. நிலத்து ஈரம் மேலேறும்போது உப்பையும் கொண்டு வரும். வெளியேற வழியில்லாவிட்டால் பூச்சுக்குக் கீழே வெள்ளையாகப் பூத்து நிற்கும்.

வைக்கால் மகன்:
பூசாவிட்டால் கறி சிந்திய கறை போகுமா? ஈரம் முழுதும் காய்ந்த பிறகு, மூச்சு விடும் வகைச் சீலரைப் பூசலாம். பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுக்க வேண்டுமே தவிர, அசிட் ஊற்றிக் கழுவக் கூடாது. அது இடைவெளிச் சீமெந்தையும் தின்றுவிடும்.

மழைத்துளி:
மன்னிக்கவும், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வெள்ளவத்தையில், காலி வீதியின் கடற்பக்கம். பெரிய யன்னல் மேற்கே இருக்கிறது. நான்கு மணிக்கே நிறம் மாறுகிறது, விளக்குப் போடுவதில்லை. டைல் நன்றாக மினுங்கும்.

ஆமை:
அப்படியானால் பெயின்றிலோ குமிழிலோ பிழையில்லை. சாய்ந்த வெயில் தரையில் பட்டு, தரையின் நிறத்தை எடுத்துக்கொண்டு சுவருக்கு ஏறுகிறது. வெளிர் கிறீம் அதை அப்படியே வாங்கிக்கொள்கிறது. தூய வெள்ளை பூசினாலும் இதே கதைதான். உறுதிப்படுத்த வேண்டுமானால், நாளை நான்கு மணிக்கு வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தரையில் விரித்துவிட்டுச் சுவரைப் பாருங்கள். நிறம் தணிந்தால், சாம்பல் கலந்த பச்சை எடுங்கள்; பச்சை அந்தச் சிவப்பை விழுங்கும். நீலக்கதவு சொன்ன மங்கிய நீலமும் தவறில்லை, ஆனால் யன்னலுக்கு வெளியே ஏற்கெனவே கடல் இருக்கிறது. மினுக்கமில்லாத மற் பூச்சாக எடுங்கள். நிற அட்டையை நம்ப வேண்டாம். இரண்டடிப் பலகையில் இரண்டு பூச்சுப் பூசி, தரையை ஒட்டிச் சாத்தி வைத்து, காலையிலும் நான்கு மணிக்கும் பாருங்கள். காசு செலவழிக்க மனமில்லாவிட்டால், வெயில் விழும் இடத்தில் பெரிய பன்பாய் ஒன்றைப் போட்டாலே பாதி குறையும்.

விளக்குத்திரி:
இருந்தாலும் குமிழையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.

மழைத்துளி (ஆறு நாட்களுக்குப் பின்):
விரிப்பை விரித்தவுடன் சுவர் கிறீமாகிவிட்டது. மடித்தவுடன் இறால் நிறம் திரும்பி வந்தது. சாம்பல் பச்சையில் ஒரு லீற்றர் வாங்கிப் பலகையில் பூசி வைத்திருக்கிறோம். மாமிக்கு அது பாசி பிடித்த கிணற்றுச் சுவரைப் போல் தெரிகிறதாம். பெயின்ற்காரர் வெள்ளிக்கிழமை வரவில்லை.