சிலம்பம் கற்றும் விலகி வந்தது தப்பா?

கேள்வி: எட்டு மாதமாகச் சிலம்பம் கற்கிறேன். போன வாரம் இரவு பஸ் ஸ்டாண்டில் குடித்திருந்த ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். கையை உதறிவிட்டு, கடைகளில் வெளிச்சம் இருந்த பக்கமாக நடந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து மனசுக்குள் ஒரே குடைச்சல், பயந்துதான் ஓடிவந்தேனோ என்று. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

பதில் 1: நீங்கள் செய்ததுதான் சரி தம்பி. காலடி வரிசையை, அதாவது கால் மாற்றி வைக்கும் பயிற்சியை, ஏன் அவ்வளவு நாள் போட வைக்கிறார்கள்? அடி விழும் இடத்தில் நாம் நிற்காமல் இருக்கத்தான். எங்கள் ஆசான் கம்பைக் கையில் கொடுக்காமல் இரண்டு மாதம் வெறும் மண்ணில் கால் மாற்ற வைத்தார், குதிகால் வெடித்து ரத்தம் வந்தது, அப்போது கோபம், இப்போது புரிகிறது. குடித்தவர் பின்னால் சாய்ந்து தலை சிமெண்ட் தரையில் பட்டிருந்தால் உயிரே போயிருக்கலாம்.

பதில் 2: சட்டமும் இதைத்தான் சொல்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை தற்காப்பு உரிமை பற்றிய பிரிவுகள். தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்பது 37இல் இருக்கிறது. பிடியை விட்டுவிட்டுப் போகிறவரைத் துரத்தி அடித்தால் அது தற்காப்பு ஆகாது.

பதில் 3: நான் பெண்களுக்குத் தற்காப்பு சொல்லித் தருகிறேன். முதல் வகுப்பில் அடியே கிடையாது, இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சு உயரத்தில் விரித்து, "தள்ளி நில்லுங்க" என்று அடிவயிற்றிலிருந்து கத்தப் பழக்குவேன். எதிராளி கையில் கத்தி தெரிந்தால் பர்ஸைக் கொடுத்துவிட்டு ஓடுங்கள், அப்புறம் 112க்கு அழையுங்கள்.